நவநீதன் இளைத்த கதை

நூற்றிருபத்தெட்டு கிலோ இருந்த நவநீதன், பாலக்கோட்டுக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். விசில் ஊத மூச்சு போதாமல் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டுவார். பிள்ளைகள் தாங்களாகவே ஓடி, தாங்களாகவே களைத்து நிற்பார்கள். சர்க்கரை வந்தது, ரத்தக் கொதிப்பு வந்தது, தூக்கத்தில் மூச்சடைப்பும் வந்தது. கடைசியில் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருடைய இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாழைக்காய்க்குப் படியளக்கும் வேலை அவர் மனைவி அமுதவல்லிக்கு வந்து சேர்ந்தது. கடைவீதியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருப்பவள் அவள். அளவு எடுப்பது அவளுக்குப் புதிதல்ல. பருப்புத் தண்ணீரை வடிகட்டி, மருந்து மூடியில் அளந்து, கால் மணிக்கு ஒரு தரம் கொடுத்தாள். பிறகு கூழ், பிறகு குழைத்த முட்டை. அவர் இரண்டு ஸ்பூனில் போதும் என்று தள்ளிவிடுவார். மிச்சத்தைக் கொட்ட மனம் வராமல் அவள் அடுப்படியில் நின்றபடியே வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். அப்போது அவள் தொண்ணூற்றாறு கிலோ. ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கிக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் டாக்டர் அறைக்குள் நுழைந்தது அவள்தான். ஆனால் அவளுடைய தொண்ணூற்றாறு எந்த டாக்டர் கண்ணிலும் பட்டதில்லை.

"ஆபரேஷன் பாதிதான். மீதிப் பாதி, உங்களை மாதிரி ஆளுங்களோட பேசிப் பழகறதுல இருக்கு" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று வாட்ஸ்அப் குழு. இன்னொன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியறையில், மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் நேர்க் கூட்டம். முதலாவது விருப்பம். இரண்டாவதற்கு, மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு, வருஷம் முடியும்வரை கட்டாயம் போக வேண்டும். எடை பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும்.

நவநீதனுக்கு விருப்பத்தில்தான் விருப்பம் இருந்தது. சேர்ந்த மூன்றாம் மாதமே குழுவுக்கு அட்மின் ஆகிவிட்டார். இருநூற்று நாற்பது பேர். விடிகாலை ஐந்து மணிக்குக் குரல் செய்தி போடுவார். "வணக்கம் உறவுகளே. எழுந்தாச்சா? தண்ணி குடிச்சாச்சா? வயிறு சின்னதா இருக்கலாம், மனசு பெருசா இருக்கணும்." ஆறு மணிக்குள் எழுபது பேர் கும்பிடு போட்டிருப்பார்கள். ஓசூரிலிருந்து ஒரு அம்மா, சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி என்று ஆளாளுக்குச் சந்தேகம் கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக மைதானத்தில் யாரும் கேட்காத குரல் அது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"தருமபுரிக்கு நீ போயிட்டு வந்துரு அமுதா" என்றார். "அங்க பத்துப் பேரு மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்கு அன்னிக்குப் பதினோரு மணிக்கு லைவ் இருக்குது. ஒரு கையெழுத்தப் போட்டுட்டு, என்ன சொல்றாங்கன்னு எழுதிக்கிட்டு வா."

வேறு காரணமும் இருந்தது. அவருடைய பேன்ட்டைத் துவைக்கும்போது பையில் நிப்பட்டுத் தட்டையின் தூள் வருவதை அவள் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கவளம் சோறு இறங்காத வயிற்றுக்குள், டீயில் நனைத்து நனைத்துக் கொறித்தால் நிப்பட்டு மட்டும் வழி கண்டுபிடித்து இறங்கியது. எடை மெஷினில் ஏற அவருக்குத் தைரியமில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

மாடியறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் சகாயமேரி வேலைக்குப் புதிது. யாரையும் முன்பின் பார்த்ததில்லை. நோயாளிகளின் ஃபைல் எல்லாம் சேலத்தில் இருந்தது. அவளிடம் இருந்தது நம்பரும் பெயரும் ஆபரேஷன் அன்றைய எடையும் போட்ட ஒரு பட்டியல்தான். அமுதவல்லி வருகைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதி, யாருக்காக வந்திருக்கிறேன் என்று தெரியட்டுமே எனப் பக்கத்தில் நவநீதன் என்றும் எழுதினாள்.

"அமுதவல்லி நவநீதன்" என்று சகாயமேரி ஒரே மூச்சில் வாசித்தாள். பட்டியலில் பார்த்தாள். நவநீதன் என்று ஒரு பெயர் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வழக்கம்போலப் பாதிப் பெயரை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "செருப்பக் கழட்டிட்டு மெஷின்ல ஏறுங்கக்கா."

ஏறு என்றால் ஏறுவதும் இறங்கு என்றால் இறங்குவதும் அமுதவல்லிக்கு வழக்கம். ஏறினாள். தொண்ணூற்றாறு. மூன்றரை மாதத்தில் நூற்றிருபத்தெட்டு தொண்ணூற்றாறாகியிருந்தது. சகாயமேரி கைதட்டினாள், எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தாள் அமுதவல்லி. அதற்குள் வட்டமாக உட்காரவைத்து ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

"சாப்புடறப்ப உங்க பக்கத்துல யாரு இருக்காங்க?"

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சவுரியப்பன், டிவி இருக்கிறது என்றார். காரிமங்கலம் பக்கத்தில் தக்காளி போடும் சென்னம்மாள், நாய் இருக்கிறது என்றாள். பெங்களூரில் இருக்கும் மகன் பிடிவாதம் பிடித்து ஆபரேஷன் செய்துவைத்த அம்மாள் அவள். அமுதவல்லியின் முறை வந்தது. 'நான் அவரோட சம்சாரங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"யாரும் இல்லைங்க. நான் உக்காந்து சாப்புட்டதே இல்லைங்க" என்று வந்தது.

ஒன்பது தலைகள் ஆடின. யாரும் சிரிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சென்னம்மாள் அவள் முழங்கையை ஒருதரம் தொட்டாள். நாற்பத்து நான்கு வயதில், சாப்பாட்டைப் பற்றி அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

அங்கே சொன்னதையெல்லாம் அவள் செய்தாள். சின்னத் தட்டு வாங்கினாள். உட்கார்ந்து தின்றாள். மென்று தின்றாள். சோற்றுக்கு முன்னால் பயறையும் முட்டையையும் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை வாயில் போடாமல் தெருநாய்க்கு வைத்தாள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுச் சர்க்கரை ஆலை ரோட்டில் நடந்தாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் பையில் ஊசி நூலும் எடுத்துப் போனாள். இளைத்துப்போன பெண்களின் ரவிக்கைகள் எல்லாம் தோளை விட்டு நழுவிக்கொண்டிருந்தன. கூட்டம் முடிந்ததும் அங்கேயே பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். எட்டு மாதத்தில் தொண்ணூற்றாறு எண்பத்தொன்றாக இறங்கியது. சகாயமேரி மாதம் தவறாமல் அந்த எண்ணைச் சேலத்துக்கு அனுப்பினாள். அங்கே நவநீதனின் ஃபைலில் நவநீதன் ஒழுங்காக இளைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் இருந்த நவநீதன் அதே எட்டு மாதத்தில் நூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு இறங்கி, யோசித்து, நூற்றேழுக்குத் திரும்பியிருந்தார்.

ஆனால் அவருக்கு வேலை அதிகம். அமுதவல்லி எழுதிக்கொண்டு வரும் நோட்டை அன்றைக்கே வாங்கிப் படிப்பார். மறுநாள் விடிகாலை அது குரல் செய்தியாகும். "உறவுகளே, என் அனுபவத்துல சொல்றேன். பசி வேற, வாய் நமநமங்கறது வேற. பசின்னா கம்பங்கூழக் குடுத்தாலும் குடிப்போம். போண்டாதான் வேணும்னா அது பசி இல்ல." அது சென்னம்மாள் கூட்டத்தில் சொன்னது. நூற்றிருபது பேர் இதயம் போட்டார்கள்.

இரண்டு குழுவிலும் இருந்த ஒரே ஆள் சவுரியப்பன். அடுத்த மாதம் அவர் ஃபோனை எடுத்து எல்லோருக்கும் அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினார். "வாத்தியார் எப்படிச் சொல்றாரு பாருங்க. இந்த மாதிரி ஆளு நம்ம ரூம்ல ஒருத்தர் இருக்காரா?"

சென்னம்மாள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "இதத்தான நான் போன மாசம் சொன்னேன்."

"நீ சொன்னதா? நீ எப்ப சொன்ன?"

"நாஞ் சொன்னப்ப நீ தூங்கிட்டு இருந்த."

அமுதவல்லி தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். புருஷன் குரலை அவள் அன்றுதான் முதல்முறையாக வெளியாள் மாதிரி கேட்டாள். நல்ல குரல்தான், யாரும் நம்பிவிடுவார்கள்.

வருஷம் முடிந்ததும் மருத்துவமனை இரண்டு குழுவையும் ஒன்றாகக் கூட்டியது. தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபம். அழைப்பிதழில் சிறந்த அட்மினுக்கு நவநீதனின் பெயரும், நேர்க் கூட்டத்தின் சார்பில் பேச அமுதவல்லியின் பெயரும் போட்டிருந்தார்கள். அவர் தன் பெயர் இருந்த வரியோடு நிறுத்திக்கொண்டார். நவநீதனுக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. ஆனால் காய்ச்சல் வரவில்லை. சால்வை என்றதும் மனம் கேட்கவில்லை. தொளதொளவென்று ஒரு ஜிப்பா தைத்துத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போது, "ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். அவர் ஃபோனில் ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். கையை உயர்த்தி அப்புறம் என்று காட்டினார்.

மண்டப வாசலில் சகாயமேரி ஓடிவந்து அமுதவல்லியைக் கட்டிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"சாருதான் உங்க வீட்டுக்காரரா? சார், அக்கா இவ்வளவு இளைச்சிருக்காங்கன்னா அதுல உங்க பங்கும் இருக்கும். கூட வந்தவங்களுக்கு அந்த ஓரத்துல சேர் போட்டிருக்கு, உக்காருங்க. நீங்களும் கொஞ்சம் உடம்பப் பாத்துக்கணும் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

நவநீதன் அமுதவல்லியைப் பார்த்தார். அமுதவல்லி தரையைப் பார்த்தாள். அவர் அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கத்து ஆளிடம், "ஃபேன் போடச் சொல்லுங்க" என்றார். மூன்று வரிசைக்கு முன்னால் இருந்த சவுரியப்பன் சடக்கென்று திரும்பினார். அந்தக் குரலை அவர் பல மாதமாக விடிகாலையில் கேட்டு எழுந்தவர். கண்ணால் தேடினார். குழுவில் இருந்த படம் ஆபரேஷனாகி ஐந்தாம் மாதம் பக்கவாட்டில் நின்று எடுத்தது. ஜிப்பாவுக்குள் இருந்தது வேறு ஆள். சவுரியப்பன் மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் மேடையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு அழகாக மேலேயிருந்து கீழே சரிந்து வந்தது. "பேரு சொல்ல மாட்டேன். நம்ம ஆபரேஷன் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுங்கறதுக்கு இதுதான் சாட்சி. நூத்தியிருபத்தெட்டு, இப்ப எண்பத்தொன்னு. இவங்க இப்ப உங்ககிட்டப் பேசுவாங்க."

அமுதவல்லி மைக்கைப் பிடித்தாள். கைதட்டல் முடியும்வரை காத்திருந்தால் மறுபடியும் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியதால், தட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"எனக்கு ஆபரேஷன் ஆகலைங்க. ஆனது எங்கூட்டுக்காரருக்கு. அவருக்கு நேரமில்லைன்னு நான் வந்தேன். என்னியத்தான் சாப்புட்டியான்னு கேட்டீங்க, அதனால வந்துக்கிட்டே இருந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

மண்டபம் ஒரு நிமிஷம் அதைச் செரிக்கப் பார்த்தது. டாக்டர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். கோடு இன்னும் சரிந்தபடியே இருந்தது. முதலில் வாய் திறந்தவள் சென்னம்மாள்.

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குடா வயித்த அறுத்தீங்க?"

டாக்டர் வேகமாக மைக்கை வாங்கினார். ஒவ்வோர் உடம்பும் வேறு, சிலருக்குக் கூட்டம் மட்டும் போதும், சிலருக்கு அறுவை இல்லாமல் முடியாது, சென்னம்மாளின் சர்க்கரையும் முழங்காலும் எந்த நிலையில் இருந்தன என்று பதினைந்து நிமிஷம் விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் யாரும் கேட்கவில்லை. சால்வை மேஜைமேலேயே இருந்தது.

வீடு திரும்பிய நவநீதன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"நீங்க லைவ்ல இருந்தீங்க" என்றாள்.

விதி விதிதான் என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. நேர்க் கூட்டம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மட்டும். நவநீதன் முதலிலிருந்து ஒரு வருஷம் வர வேண்டும். வேறு ஆளை அனுப்பக்கூடாது. ஒழுங்காக வந்தவளுக்கு வழி அடைபட்டது. வராதவருக்குக் கதவு திறந்தது. வாட்ஸ்அப் குழுவில் எந்த மாற்றமும் இல்லை. மண்டபத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து மணிக்கு வணக்கம் வந்தால் கும்பிடுகள் வந்தன. அவர்தான் ஒரு வாரம் கழித்து, தொண்டை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்.

அவர் போன முதல் சனிக்கிழமை எப்படி இருந்தது என்று சென்னம்மாள்தான் வந்து சொன்னாள். தக்காளியைப் பாலக்கோட்டு மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, இரண்டு ரவிக்கையோடு தையல் கடைக்கு வந்திருந்தாள்.

"ஒரு மணி நேரம் வாயே தொறக்கல உங்கூட்டுக்காரரு. கடைசில பேன்ட் பாக்கெட்லருந்து நிப்பட்டுப் பொட்டலத்த எடுத்து மேஜைமேல வெச்சாரு. நூத்தியெட்டு கிலோ இருக்கேன்னாரு. யாரும் ஒன்னும் சொல்லல. நாங்க எல்லாம் அந்த எடத்துக்குப் போயிட்டு வந்தவங்கதான." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதக் கொண்டுபோய் வெளிய போட்டுட்டு வர்றேன்னு சவுரியப்பன் போனான். கால் மணி நேரம் கழிச்சுத்தான் வந்தான்."

அமுதவல்லி சிரித்தாள். பிறகு ரவிக்கையை விரித்துப் பார்த்தாள். ஓரங்குலம் பிரித்துவிட வேண்டியிருந்தது. சென்னம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். அமுதவல்லி நோட்டில் அளவைக் குறித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து சகாயமேரி ஃபோன் செய்தாள். நான்காம் சனிக்கிழமை இன்னொரு கூட்டம் ஆரம்பிக்கிறாள். கூட வருகிறவர்களுக்கு மட்டும். பை தூக்குகிறவர்கள், கூழ் கரைக்கிறவர்கள், மிச்சத்தைத் தின்கிறவர்கள். நான்கைந்து பேர் வந்தால் பெரிது, வருவீர்களா அக்கா என்றாள்.

முப்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் கீழே இருந்த லேபிலிருந்து இரவல் வாங்கினார்கள். அமுதவல்லியை அழைத்து வந்த நவநீதன், உள்ளே அவருக்கு அனுமதி இல்லாததால், படிக்கட்டில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "முப்பது பேருக்கு மேல வந்திருக்காங்க போலிருக்குது. ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுக் குடுக்கட்டுமா?"

"வேணாங்க" என்றாள் அமுதவல்லி. ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். முன்பெல்லாம் அந்த சீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார முடிந்ததில்லை. இப்போது, கொஞ்சம் நெருக்கிக்கொண்டால், முடிந்தது.