மூலையில் ஒரு செங்கல் குறைவு

1

இந்தக் கதை ஒரு கிரீம் பையில் தொடங்கியது. கேக்கின் மேல் பூப் பிழிகிற பை. மெலிஸ் அதில் சாந்தை நிரப்பிச் சுவரில் ஒட்டிய செங்கல்களின் இடுக்குகளில் பிழிந்தார். வேலை முடிந்ததும் பையைக் கழுவிச் சமையலறைக் கொடியில் மாட்டினார். மறுநாள் காலை ரொட்டி வாங்க இறங்கியவர் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

(வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன். "பிஷ்கேக்கில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது." பொய். அன்று நல்ல வெயில். அடித்துவிட்டேன்.)

2

மெலிஸின் மனைவிக்கு அனார்குல் என்று பெயர் வைக்கிறேன். 'நான்' என்று எழுதினால் வாக்கியம் பாதியில்

பார்த்தீர்களா. அவள் என்றே போகட்டும்.

வரவேற்பறையில், விருந்தாளிகள் உட்காரும் இடத்துக்குப் பின்னால், அனார்குல் கல்யாணத்துக்கு முன் தைத்த பூவேலைத் துணி தொங்கியது. கீழே வலது மூலையில் ஒரு பூங்கொடி மட்டும் பாதியில் நிற்கும். வேண்டுமென்றேதான். முழுக்கத் தைத்துவிட்டால் தைத்தவளின் ஆயுளும் முடிந்துவிடும் என்று எங்கள் கிர்கிஸ் பெண்கள் ஒரு மூலையை விட்டுவைப்பார்கள்.*

* நம்புகிறோமா என்று கேட்காதீர்கள். விட்டுவைக்கிறோம், அவ்வளவுதான்.

3

மெலிஸ் ஓய்வு பெற்ற ட்ராலிபஸ் ஓட்டுநர். மாஸ்கோவில் இருக்கும் மகள் பெர்மெட் ஏதோ காபிக் கடையிலிருந்து அனுப்பிய படத்தில் செங்கல் சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஜிப்சத்தில் வார்த்த, பிஸ்கட் மாதிரி மெல்லிய ஒட்டுச் செங்கல்களோடு வந்து நின்றார்.

"கான்கிரீட் வீட்டுக்குள்ள செங்கல் வேஷமா?" என்றாள் அனார்குல்.

"ஸ்டைல், பைபிச்சே." மூத்த மனைவிமாரை மரியாதையாக அழைக்கிற சொல். அவர் வாயில் அது எப்போதும் கிண்டல்.

"என் துணி?"

"பெட்டியில நிம்மதியா தூங்கட்டும்."

"அப்ப அதோட மூலை?"

"செங்கல்லுக்கு ஏதுடி ஆயுசு?"

அவள் அவர் கிண்ணத்தில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், குடித்துவிட்டுக் கிளம்பு.

"சரி சரி, துரத்தாத," என்று சிரித்தார்.

மட்டம் பார்த்து வரிசை வரிசையாக ஒட்டினார். முடித்ததும் கூப்பிட்டுக் காட்டினார். கீழே வலது மூலையில், அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டருக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் இடம் காலியாக இருந்தது.

"இது உனக்கு."

"ஒட்டினது நீங்க. உங்களுக்குத்தான விடணும்?"

"துணி தைச்சது நீ. இது துணி இருந்த இடம். எனக்கு வேணும்னா தனியா இன்னொரு சுவரு ஒட்டிக்கிறேன்."

[இந்தக் கடைசி வரி நான் சேர்த்ததோ என்று சந்தேகம் வந்தது. இல்லை. சொன்னார்.]

4

அவர் இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு பெர்மெட் வந்தாள். மிஞ்சிய செங்கல் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூலையில் மண்டியிட்டாள்.

"அப்பா வேல அரைகுறையா கிடக்குதும்மா. சொந்தக்காரங்க வந்து உக்கார்ற இடம். நான் ஒட்டிடுறேன்."

"வேண்டாம்."

"இந்த ஓட்டை அவரக் காப்பாத்தலையேம்மா!"

"அது அவருக்கு இல்லடி. எனக்கு விட்டது."

பெர்மெட் கையிலிருந்த செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், ஜன்னல் விளிம்பின் தூசியில் அது விட்டிருந்த தடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அப்ப நீ நூறு வயசு இருந்தே ஆகணும், சொல்லிட்டேன்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

அனார்குல் அவளுக்குத் தேநீர் ஊற்றினாள். பாதிக் கிண்ணம்தான்.

5

இங்கே ஒரு முடிவு வர வேண்டும். ஒன்றில், மகள் ஊர் திரும்பும் முன் ரகசியமாக ஒட்டிவிடுகிறாள். இன்னொன்றில், அனார்குல் துணியையே மறுபடி மாட்டிச் சுவரை மறைத்துவிடுகிறாள். மூன்றாவதில்

இல்லை, முடிக்கப்போவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் நீங்கள் வந்து ஒட்டுங்கள், செங்கல் ஜன்னலில்தான் இருக்கிறது. எனக்கு வேலை கிடக்கிறது. கீழ் வீட்டில் பிறந்தநாள், கேக் செய்வது நான்தான். கிரீமுக்குப் புதுப் பை வாங்கிவிட்டேன். பழையது அவர் மாட்டிய கொடியிலேயே தொங்குகிறது.