வாய்க்காலின் கடைசி வயல்

வவுணதீவில் குளத்துக் கதவு முழுதாகத் திறந்திருந்தும், வாய்க்காலின் கடைசியிலிருந்த அன்னப்பூரணியின் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. வேளாண்மைப் பயிர் கருகியது. அரசாங்கத்தைத் திட்டி அண்ணன் அழகரத்தினம் எழுதிய மனுவில் அவள்தான் முதல் ஒப்பமிட்டாள். பிறகு வாய்க்காலோடு மேலே நடந்து பார்த்தாள். ஒவ்வொரு வயலடியிலும் கரையைத் துளைத்து ஒரு களவுக் குழாய், அண்ணனின் வயலடியிலும்.

“அண்ணன், இது ஆர்ர குழாய்?”

“எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சன். இந்தச் சின்னக் குழாயாலயா நாடு வத்திப்போகுது, புள்ள?”

“நாட்ட விடுங்க. உங்கட தங்கச்சிர வயல் வத்திப்போச்சே!”

அவளே அதைப் பிடுங்கி, அந்த வயல்வெளிக்காரர் எல்லாரும் கூடும் வட்டைக்காரரின் கூட்டத்தில் நடுவே போட்டாள். மற்றக் குழாய்களும் வெளியே வந்தன. அண்ணன் வீட்டுக்கு மட்டும் அவள் போவதில்லை.

இப்போது, கூட்டத்தில் எடுத்த முடிவுப்படி, தண்ணீர் முதலில் கடைசி வயலுக்கு. அது நிறைந்த பின்பே அதற்கு மேலுள்ள வயலுக்கு. தன் முறை வரவேண்டுமானால், கீழே போகும் தண்ணீரை ஒவ்வொருவரும் காத்தாக வேண்டும்.