படம் பதினாலைப் பார்க்கவும்

அறிவுலகம் ஒரு நிமிடம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: ஐந்து கல்லூரிகளின் நூலகங்கள் ஒன்றாகிவிட்டன! இனி ஒரு கல்லூரியில் தேங்கிக் கிடக்கும் அறிவு மற்ற நான்குக்கும் மின்னல் வேகத்தில் பாயும். பாய்கிற வழியில் யார் நின்றாலும் அவர் பண்டிதராவது உறுதி.

அழைப்பிதழில் ஏறக்குறைய இப்படித்தான் போட்டிருந்தது. ‘ஐங்கல்லூரி எண்ணிம நூலக வள மற்றும் வல்லமைப் பகிர்வுக் கூட்டமைப்பு’ என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அதன் தலைவர்தான். அவர் பொறியியல் கல்லூரி முதல்வர். ஐந்து முதல்வர்களும் ஐந்து பேனாக்களால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சின்னம் ஒன்றும் வெளியானது: ஐந்து கைகள் ஒரு புத்தகத்தைத் தாங்குகின்றன, பின்னால் சூரியன். அதில் ஒரு கைக்கு ஆறு விரல் இருப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) கல்லூரி நூலகர் மட்டும் எண்ணிப் பார்த்தார். எண்ணுவது அவர் தொழில். வாயைத் திறக்காமல் இருப்பது சுபாவம்.

அடுத்த ஆறு மாதங்களில் கூட்டமைப்பு பகிர்ந்துகொண்டவை: சின்னத்தின் கோப்பு, தலைவரின் புகைப்படம், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் ஒன்பது. ஒன்பதாவது குறிப்பு, எட்டாவது குறிப்பை ஏற்றுக்கொண்டதைப் பதிவு செய்திருந்தது.

நம் நூலகருக்கு வயது ஐம்பது. இரண்டு அறை, நாலாயிரம் புத்தகம், நினைத்தால் சுற்றும் மின்விசிறி ஒன்று. இதுதான் அவர் சாம்ராஜ்யம். மந்திரி, சேனாதிபதி, குடிமகன் எல்லாம் அவரே. “உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லருந்து பார்க்கிறேன், காய்கறியைக்கூட அகர வரிசையிலதான் அடுக்குறீங்க” என்பாள் மனைவி. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அவர் மேசைக்கு வந்தாள். வயது முப்பத்து நான்கு. துணிக்கடையில் அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தவள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் பார்வை போன பிறகு, படிக்க வந்தாள். வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் பிள்ளைகளுக்கு அவள் அக்கா. ஆசிரியர்களும் மறந்துபோய் அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

“சார், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கம்மா.”

“உடற்கூறு புத்தகத்துல ‘படம் பதினாலைப் பார்க்கவும்’னு போட்டிருக்கு. நானும் ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். எப்ப சார் தெரியும்?”

சிரிக்கலாமா கூடாதா என்று நூலகருக்குப் புரியவில்லை. அவளே சிரித்து அனுமதி கொடுத்தாள்.

விஷயம் இதுதான். அவள் கைபேசி எழுத்தை வாய்விட்டு வாசிக்கும். ஆனால் அந்தப் புத்தகம் அச்சில் மட்டுமே இருந்தது. தோழிகள் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள். கைபேசி ஒவ்வொன்றையும் திறந்து, “படம்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. தோழிகளே வாசித்துக் காட்டியபோதும் பாதிப் பாடம் படங்களில் ஒளிந்திருந்தது.

“இந்தப் பாடத்துல ரெண்டு தடவை போச்சு சார். இது மூணாவது. இதுவும் போனா பேரை அடிச்சிடுவாங்க, விதி அப்படி. தையலுக்கும் திரும்ப முடியாது, படிப்பும் இல்லைன்னு ஆயிடும்.”

“தேர்வு எப்பம்மா?”

“இன்னும் இருபத்து மூணு நாள்.”

நூலகர் விதியை மதிப்பவர். எனவே கூட்டமைப்பின் கோரிக்கைப் படிவத்தை எடுத்துப் பதினொரு கட்டங்களையும் நிரப்பி அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. அவருடைய கோரிக்கை மிகுந்த மகிழ்ச்சியுடன் பெறப்பட்டதாகவும், அதை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பது குறித்து அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும் என்றும் தலைவர் எழுதியிருந்தார். கடிதத்தின் கீழே ஆறு விரல் கை பளபளத்தது.

நூலகர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை ஓரமாக வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

ஐந்து நூலகர்களுக்கும் தனியாக ஒரு குழு இருந்தது. அதன் பெயர் ‘தூசி’. அதுவரை அங்கே பகிரப்பட்டது முதல்வர்களைப் பற்றிய நகைச்சுவைகள்தான். அதில் அக்காவின் கதையை நாலு வரியில் எழுதினார். கீழே, “முடியுமா?” என்று கேட்டார்.

சட்டக் கல்லூரி நூலகர் அம்மாள்தான் முதலில் வந்தார். “கண்ணு தெரியாதவங்களுக்காகப் புத்தகத்தை மாத்திக் கொடுக்க நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல இடம் இருக்கு. பிரிவு எண்ணோட கடிதம் இப்பவே அனுப்புறேன். யாராவது வாயைத் திறந்தா என்கிட்ட அனுப்புங்க, மூடி அனுப்புறேன்.”

அடுத்து பொறியியல் கல்லூரி நூலகர். “எங்ககிட்ட பெரிய ஸ்கேனர் ஒண்ணு உறை பிரிக்காம இருக்கு. தலைவர் அதைத் திறப்பு விழாவுக்காக வெச்சிருக்கார். புத்தகத்தைக் கொண்டு வாங்கண்ணே, விழாவை அப்புறம் பார்த்துக்கலாம்.”

விவசாயக் கல்லூரி நூலகர் இரண்டே வரியில் பேசினார். வயலில் நிற்பவர்கள் காதால் கேட்பதற்கென்றே பயிர்க் கையேடுகளைப் பல வருடமாகத் தயாரிப்பவர் அவர். தலைப்புக்குத் தலைப்பு தாவிக் கேட்கும்படி ஒரு நூலை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. “தலைப்பு வேலை எல்லாம் என்கிட்ட விடுங்க” என்றார்.

ஓவியக் கல்லூரி நூலகர் அம்மாள் ஒரு கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அவர் எப்போதும் அவ்வளவுதான்.

ஒன்பது கூட்டங்களில் நடக்காதது நாற்பது நிமிடத்தில் நடந்துவிட்டது. இதைத் தலைவர் அறிந்தால் நாற்பது நிமிடத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டிருப்பார்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் இரண்டு நாளில் ஸ்கேன் ஆயின. படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் தன் பங்குக்கு விளையாடியது. பழைய அச்சு அல்லவா? தோள்களையெல்லாம் அது தேள்கள் என்று வாசித்தது. “தேளைச் சுழற்றும் தசைகள்” என்ற அத்தியாயத்தைச் சட்டம் அம்மாள் கண்ணீர் வர வாய்விட்டு வாசித்துக் காட்டினார். ஆளுக்கு எண்பது பக்கம் பிரித்துக்கொண்டு, வாசகர் வரும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்து, வரி வரியாகத் திருத்தினார்கள். யாரும் யாருக்கும் நினைவூட்டல் அனுப்பவில்லை. எட்டாவது நாள் எழுத்து வேலை முடிந்தது.

மீதி இருந்தவை நூற்று முப்பத்தேழு படங்கள். ஒவ்வொரு படத்தையும் வார்த்தையில் எழுத வேண்டும். அவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். நம் நூலகர் முதல் இருபதைத் தானே எடுத்துக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து, வாழ்நாள் அனுபவம் முழுவதையும் கொட்டி எழுதினார். அக்காவிடம் நீட்டிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல எதிரே உட்கார்ந்தார்.

கைபேசி வாசித்தது: “படம் பதினான்கு. கோட்டோவியம். கறுப்பு வெள்ளை. உயரம் ஒன்பது சென்டிமீட்டர், அகலம் ஆறு சென்டிமீட்டர். பக்கத்தின் வலது மேல் மூலை. நல்ல நிலையில் உள்ளது.”

அக்கா கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

“சார், படம் நல்லா இருக்குன்னு கேட்க சந்தோஷமா இருக்கு.”

“ம்…”

“ஆனா படத்துல என்ன இருக்கு?”

நூலகருக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருடமாக அவர் புத்தகங்களை இப்படித்தான் விவரித்து வந்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாசகர் பாடு. ‘தூசி’யில் கேட்டுப் பார்த்தால், ஓவியம் அம்மாள் தவிர மற்ற மூன்று பேரும் அதே காரியத்தைத்தான் செய்து வைத்திருந்தார்கள். பொறியியல் நூலகர் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு படத்திலும் எத்தனை அம்புக்குறி என்று கணக்குக் கொடுத்திருந்தார்.

அன்று மாலை ஓவியம் அம்மாள் முதல் முறையாகக் குழுவில் வாய் திறந்தார். எழுதவில்லை, பேசி அனுப்பினார்.

“உங்க விவரமெல்லாம் பார்த்தேன். மன்னிச்சுக்கோங்க, அதை வெச்சுப் புத்தகத்தை விலைக்கு விக்கலாம், படிக்க முடியாது. எங்க கல்லூரியில முதல் வகுப்புலயே சொல்லித் தர்ற விஷயம் ஒண்ணு. தாளைப் பார்க்காதே, ஆளைப் பாரு. இந்தப் படமெல்லாம் எதைப் பார்த்து வரைஞ்சாங்க? ஒரு உடம்பைப் பார்த்து. அந்த உடம்பு அந்தப் பொண்ணுகிட்ட இல்லையா? படத்தை ஏன் சொல்றீங்க? அவங்க கையை எங்க வைக்கணும்னு சொல்லுங்க.”

கூடவே ஒரு மாதிரியும் அனுப்பினார்: “தலையை இடது பக்கம் திருப்புங்க. வலது காதுக்குப் பின்னால விரலை வெச்சுக் கீழே இறக்கிக்கிட்டு வாங்க. கழுத்துல ஒரு கயிறு மாதிரி விறைப்பா நிக்குதா? அது நெஞ்செலும்பு வரைக்கும் இறங்குது பாருங்க. அதுதான் படம் பதினாலு.”

நூலகர் தலையை இடது பக்கம் திருப்பினார். விரலை வைத்தார். கயிறு இருந்தது! ஐம்பது வருடமாகக் கூடவே இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“என்ன, கழுத்து சுளுக்கிக்கிச்சா?” என்றாள் மனைவி.

“இல்ல. படிச்சுக்கிட்டிருக்கேன்.”

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் முதல் ஐந்து நூலகங்களிலும் விசித்திரக் காட்சிகள். சட்டம் அம்மாள் தடித்த தீர்ப்புத் தொகுதிகளுக்கு நடுவே உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, மேல்கையில் உருண்டு எழுந்த தசையை மறு கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவரைச் சண்டைக்கு இழுத்துவிட்டார்கள் என்று மாணவர்கள் விலகி நடந்தார்கள். பொறியியல் நூலகர் இடுப்பு மூட்டுக்காக வாசிப்பு மேசைமேல் மல்லாந்து படுத்துக் காலைச் சுழற்றினார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்து, ஒரு கணம் நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார். பதவிக்கு வந்த பிறகு அவர் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது. விவசாயக் கல்லூரி நூலகர் முழங்கையின் உள்முனைக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தைத் தேடித் தட்டி, சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஏறியதும், “கிடைச்சாச்சு!” என்று கத்தினார். நூலகத்தில் அமைதி காக்கவும் என்ற பலகை அவர் தலைக்கு மேலேதான் தொங்கியது.

நாளுக்குப் பதினைந்து, இருபது என்று விவரங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் ஓவியம் அம்மாள் கேட்டு, ஒரு சொல் தள்ளி, ஒரு சொல் கூட்டித் திருப்பினார். அக்கா வாசிப்பறையின் மூலையில் உட்கார்ந்து, காதில் குரலும் உடம்பில் விரலுமாகப் படித்தாள். அவள் விரல் போகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற நூலகர், முத்திரை குத்த வேண்டிய இடத்தில் தன் கட்டைவிரலையே குத்திக்கொண்டார்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கணுக்காலைப் பிடித்தபடி கூப்பிட்டாள்.

“சார், இங்க வாங்க. படம் நூத்திப் பதினெட்டு. உள்பக்கக் கணு எலும்பு கீழே இறங்கியிருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் மேலேன்னு இருக்கு.”

“ஆமா, அது சட்டம் மேடம் எழுதினது. அவங்க தப்பு விட மாட்டாங்களே.”

“அப்ப என் கால் தப்பா? எனக்கு வெளிப்பக்கம்தான் சார் கீழே இருக்கு. ரெண்டு கால்லயும்.”

நூலகர் புத்தகத்தைப் பிரித்தார். சட்டம் அம்மாள் படத்தில் உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலுறையை இறக்கினார். வெளிக் கணுதான் கீழே. ‘தூசி’யில் கேட்டார். ஐந்து நிமிடத்தில் நாலு கல்லூரியிலிருந்தும் பதில் வந்தது: வெளிக் கணு, வெளிக் கணு, வெளிக் கணு, வெளிக் கணு. மொத்தம் பத்துக் கால்கள் அக்காவின் கட்சி. புத்தகத்தில் உள் கணு, வெளிக் கணு என்ற இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி அச்சிட்டிருந்தார்கள்.

நூலகர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உடற்கூறு பேராசிரியரிடம் ஓடினார். ஓடியது அவருக்கே ஆச்சரியம். பேராசிரியர் படத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஆமாய்யா, தப்புத்தான். நான் வகுப்புல வாயால சரியாத்தான் சொல்றேன். பதினோரு வருஷமா இந்தப் படத்தையும் காட்டுறேன். ஒருத்தன்கூடக் கேட்டதில்லையே!”

“எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சுது சார், அதான்” என்றார் நூலகர். சுபாவத்துக்கு விரோதமாக அவர் வாயிலிருந்து வந்த முதல் வசனம் அது. அறைக்குத் திரும்பும்வரை அவருக்கே நம்ப முடியவில்லை.

விவரத்தைத் திருத்தினார்கள். பிறகு ஐந்து பேரும் தாங்கள் எழுதிய நூற்று முப்பத்தேழையும் ஆரம்பத்திலிருந்து தங்கள் உடம்பிலேயே மறுபடி சரிபார்த்தார்கள். இரண்டு நாள் ஆனது. யாரும் கேட்காமல், எந்தப் படிவத்திலும் கட்டமில்லாத ஒரு வேலை. இதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைக் கிண்டல் செய்தே பழக்கம். இந்த இடத்தில் கிண்டல் வர மறுக்கிறது.

அக்கா தேர்வு எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு முதலாமாண்டு மாணவி எழுதினாள். கேள்விக்குக் கேள்வி அக்கா தன் தோளையும் முட்டியையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னதாகவும், கண்காணிப்பாளர் அதைக் காப்பியடிப்பதாக எடுத்துக்கொள்ளலாமா என்று வெகுநேரம் யோசித்ததாகவும் கேள்வி.

முடிவு வந்த அன்று அவள் நூலகத்துக்கு வந்தாள்.

“அறுபத்தொண்ணு சார்.”

“தேற எவ்வளவும்மா வேணும்?”

“ஐம்பது.”

“அப்ப பதினொண்ணு மிச்சம்!” என்றார் நூலகர். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முத்திரையை எடுத்துக் காலி மேசைமேல் இரண்டு முறை குத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

செய்தி தலைவர் காதுக்குப் போனது. உடனே விழா. ஸ்கேனருக்கு உறையை மறுபடி மாட்டி, மறுபடி திறந்தார்கள். ஐந்து நூலகர்களும் கடைசி வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் அம்மாள் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. தலைவர் மேடையில் கையை உயர்த்தி முழங்கினார்: “எமது கூட்டமைப்பின் தொலைநோக்கில் உருவான இந்த எண்ணிம நூல், தலைமுறை தலைமுறையாக, நூற்றாண்டு நூற்றாண்டாக மாணவர்களுக்கு ஒளியூட்டும்!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த ஆண்டு பாடப்புத்தகத்தை மாற்றிவிட்டார்கள்.