பௌதிகவியல் எடுக்கப்போகும் பிள்ளை

அருந்ததி மேசையில் அலாரம் மணிக்கூட்டின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து வந்த தாய் கனகேஸ்வரி, "முதலில அந்த யன்னலைச் சாத்து" என்றாள். கொழும்பு வெள்ளவத்தையில், குண்டுகள் வெடித்த அந்த வருடம் யாரும் வெயிலுக்காக யன்னல் சாத்தவில்லை.

திங்கட்கிழமை உயர்தர வகுப்புக்கு எடுக்கப்போகும் பாடங்களைப் பாடசாலையில் சொல்லவேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதிவிசேட சித்தியான 'டி' எடுத்த பிள்ளைக்குப் பௌதிகவியலைத் தவிர வேறென்ன யோசனை வரும்? தாய்க்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே யன்னலைச் சாத்தத் தோன்றியது. பக்கத்து ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தபோது, சிவமணியின் மகன் செய்முறைக்காகக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த வயரும் பற்றரிகளும் அகப்பட்டன. குண்டுச் சாமான் என்று அவனையும் கொண்டுபோனார்கள். பாடசாலை அதிபரே போய்ச் சொல்லியும் பொடியன் இன்னும் வீடு வரவில்லை. அதற்குப் பிறகு அவனோடு படித்த பெடியள் ஒவ்வொருவராக வர்த்தகத்துக்கு மாறினார்கள். பௌதிகவியல் கசந்துபோய் யாரும் மாறவில்லை. ஐந்தொகைக் கணக்குக் கொப்பியைப் பார்த்து காவலரணில் நிற்கும் எந்தச் சென்றிக்காரனும் ஒருவரையும் ஜீப்பில் ஏற்றமாட்டான், அவ்வளவுதான் காரணம்.

"கொமர்ஸ் எடு பிள்ளை. அதில கொப்பியும் பேனையும் மட்டும்தான்."

"எனக்கு அது விருப்பமில்லை அம்மா. நான் பிசிக்ஸ்தான் எடுப்பன்."

"உன்ர விருப்பத்தைப் பார்த்தோ அவங்கள் பிடிக்கிறாங்கள்?"

அப்பா சிவபாதசுந்தரம் பேப்பருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ வயர் ஒட்டும் சோல்டரிங் அயனைப் புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கிவந்து மகளுக்குக் கொடுத்தவரே அவர்தான். அயலட்டையில் யாருடைய ரேடியோ பழுதானாலும், "என்ர மகளிட்டைக் குடுங்கோ" என்று பெருமையடித்துத் திரிந்த மனுசன். இப்போது அப்படிச் சொன்ன ஒவ்வொரு வீட்டையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்.

மகள் ரியூசனுக்குப் போனதும் மணிக்கூடு, வயர், பற்றரி, சோல்டரிங் அயன் எல்லாவற்றையும் நீலச் சந்தைப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு இறங்கினார். கடலில் வீசிவிட்டால் சனியன் தொலைந்தது. ஆனால் ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஆமிக்காரன் ஒருவன் நின்றான். திரும்பி வாய்க்கால் பாலத்துக்குப் போனார். அங்கேயும் ஒருவன். திரும்பத் திரும்ப ஒரே ஆள் ஒரே பையோடு நடப்பதை யாராவது கவனித்துவிடுவார்களோ என்ற எண்ணம் வந்ததும் கடைத்தெருப் பக்கம் திரும்பினார்.

மரக்கறிக்கார சுடலைமுத்துவின் வண்டிக்குப் பக்கத்தில் வியர்வை துடைக்கப் பையைக் கீழே வைத்தார். சுடலைமுத்து யாருக்கோ பூசணி வெட்டிக்கொண்டிருந்தான். துடைத்து முடிந்தது. குனிந்து எடுக்க மனம் வரவில்லை. வெறுங்கையோடு நடந்து, மருந்துக்கடை வாசல்வரை போய்விட்டார். இந்த ஊரில் ஆளில்லாத பை என்னவென்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கு அது உறைக்கும்போது, "பேக் எகக்!" பை ஒன்று என்று யாரோ சிங்களத்தில் கத்திவிட்டார்கள்.

தெரு ஒரு நொடியில் காலியானது. சென்றியிலிருந்து ஓடிவந்தவர்கள் ஆட்களைத் தள்ளிவிட்டு, சுடலைமுத்துவைக் கொலரில் பிடித்து நடுத்தெருவில் முழங்காலில் இருத்தினார்கள். துவக்கு அவன் பிடரிக்கு நேரே இருந்தது. பை யாருடையது என்று ஒருவன் கேட்டான்.

"மேக காகெத?"

"சாமி சத்தியமா என்னுது இல்லீங்க! மகே நெவெயி மாத்தயா, மகே நெவெயி!"

என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கந்தோர் வேலையில் இருபது வருடம் சிங்களம் பேசிய வாய் சிவபாதசுந்தரத்துக்குத் திறக்கவில்லை. உள்ளே இருக்கும் சாமான் யாருடையது என்று கேட்பார்கள், வீட்டுக்கு வருவார்கள், மகளைக் கூப்பிடுவார்கள். பை வைத்த ஆளைச் சுடலைமுத்து கவனிக்கவில்லை என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அப்படி ஆறுதல்பட்டதற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை.

ரியூசன் விட்டு வந்த பிள்ளைகள் எதிர்ப்பக்கம் கூட்டமாகத் தேங்கி நின்றார்கள். முன்வரிசையில் அருந்ததி. நீலப் பையையும் அதன் வாயில் தொங்கிய வயரையும் அவள் பார்த்தாள். பிறகு தெருவைத் தாண்டி அப்பாவைக் கண்டாள். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். அவள் பார்வை முழங்காலில் இருந்த சுடலைமுத்துவிடம் போனது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"மேக காகெத?" ஆமிக்காரன் இம்முறை கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

சிவபாதசுந்தரம் இன்னும் தலையசைத்துக்கொண்டேயிருந்தார். அருந்ததி புத்தகங்களை இடக்கைக்கு மாற்றி, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப் போல வலக்கையை உயர்த்தினாள்.