இரண்டு வேளைக் களிம்பு

படர்தாமரை என்று பெயர் வைத்தவன் மட்டும் அம்மாவின் கையில் கிடைத்திருந்தால் தொலைந்தான். தாமரையாம், தாமரை! மகளின் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம், சொறியச் சொறியப் பெரிதாகிக்கொண்டே போனது.

"மறைஞ்சதும் நிறுத்திடாதீங்க. அப்புறமும் ரெண்டு வாரம் களிம்பு தடவணும். துண்டு, சீப்பு, படுக்கை எல்லாம் தனி" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு விடுதிச் சலவையறையில் வேலை. துவைப்பதைப் பற்றி யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மகளின் துணிகளைத் தனியாகக் கொதிநீரில் அலசினாள். அம்மாமேல் காலைப் போட்டுத் தூங்கிய பிள்ளை சுவரோரத்துத் தனி மெத்தைக்குப் போனாள். வகுப்பில் எவளோ "தொடாதீங்கடி, ஒட்டிக்கும்" என்று கிளப்பிவிட, அங்கேயும் பெஞ்சில் ஒற்றை ஆள். அப்பா வெளியூரில், வெறும் ஃபோன் குரல். 'வாலு' என்று பெயரெடுத்தவள் வாயே திறப்பதில்லை.

காலையும் மாலையும் களிம்பு தடவும்போது மட்டும் திறப்பாள். அம்மா அந்தக் கையை மடியில் வைத்து, வட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே தடவி வருவாள். அதற்குள் ஊர்க்கதை முழுக்க வந்துவிடும்.

வட்டம் மங்கியது. பிறகு மறுபடி சிவந்தது.

"வீட்ல பூனை, நாய் ஏதாவது இருக்கா?"

"மனுஷங்களே இல்ல டாக்டர், பூனைக்கு எங்க போறது?"

ஒருநாள் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். மாடிப்படிக்கு அடியில் வாலு உட்கார்ந்திருந்தாள். அங்கங்கே முடி கொட்டிய ஒரு தெருப் பூனைக்குட்டியைத் தன் கையோடு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? ஆறி வர்றதைக் கெடுக்கறியே!" அம்மாவின் கை ஓங்கியது.

"ஆறிட்டா நீ தடவ மாட்டியேம்மா."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த இரண்டு வேளையைத் தவிர அவளிடமும் யார் பேசினார்கள்?

பூனைக்குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். மகளுக்கு வைத்தியம் முதலிலிருந்து தொடங்கியது. வட்டம் மறைந்தது. டாக்டர் சொன்ன இரண்டு வாரமும் கழிந்தது. குழாயைப் பிதுக்கிப் பிதுக்கிக் கடைசிச் சொட்டும் தீர்ந்தது.

மறுநாள் காலையும் அம்மா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாலு பழக்கத்தில் கையை நீட்டிப் பேச ஆரம்பித்தாள். அம்மாவின் விரல் தெளிந்த தோலில் மெல்ல வட்டமிட்டது.

பாதிக் கதையில் வாலு குனிந்து பார்த்தாள்.

"மருந்து வைக்க மறந்துட்டியேம்மா."

"மறக்கல. நீ மேல சொல்லு."