சாத்தாத கதவு

"கதவ கொஞ்சம் சாத்திட்டு வாங்க," என்றாள் அமிர்தம்.

அவள் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்த கணவர் தேவநேசன் வாசலைப் பார்த்தார். படியில் செருப்புகள் சேர்ந்துகொண்டிருந்தன.

"ஜனங்க வந்துகினு இருக்காங்க. மூஞ்சில அடிச்சாப்ல எப்படி சாத்துறது?"

"நாம ரெண்டு பேரு மட்டும் ஜெபம் பண்ணலாம்னு பாத்தேன்."

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அமிர்தத்தைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கார் பாதியிலேயே திரும்பிவிட்டது. இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, இனி ஜெபம்தான் என்று கள்ளக்குறிச்சி டாக்டரும் கையை விரித்துவிட்டார். செய்தி கேட்டுச் சபையார் வரப்பு வழியாக நடந்தே வந்துகொண்டிருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, தேவநேசன் ஜெபம் செய்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வார்த்தை தடுமாறாது. எங்கே குரல் தழையவேண்டுமோ அங்கே தழையும். போதகருக்கே அவர்மேல் லேசான பொறாமை உண்டு என்று சபையில் பேச்சு.

அறை நிறைந்ததும், சபைக்காரர் பூமாலை தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, நீங்களே ஒரு ஜெபம் பண்ணுங்க."

தேவநேசன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மகள் மணிமொழி கால்மாட்டில் நின்றாள்.

முதலில் தழுதழுத்தார். அது நிஜம். பிறகு கூட்டத்தில் யாரோ "ஆமென்" என்று விம்மினார்கள். அதற்குப் பிறகு தேவநேசனுக்குக் குரல் வந்துவிட்டது. கல்வராயன் மலையைப் படைத்தவரே என்று ஆரம்பித்து, மேலே மேலே போனார். நடுவில் அமிர்தம் அவர் விரல்களை அழுத்தினாள்.

"இன்னாங்க," என்றாள்.

அவருக்குக் கேட்டது. நல்ல வாக்கியம் ஒன்றின் பாதியில் இருந்தார். பொறு என்பதுபோல் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் மூச்சு நின்றிருந்தது. விழிகள் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

"அம்மா கூப்புட்டுச்சேப்பா," என்றாள் மணிமொழி.

"இன்னா பாக்கியம். ஜெபத்துலயே போய்ட்டாங்க," என்றார் பூமாலை. ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். தேவநேசன் மறுக்கவில்லை.

இரவெல்லாம் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தண்ணீர் கேட்டாளோ, பயமாயிருக்கிறது என்று சொல்ல வந்தாளோ. ஆண்டவரிடம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அவர் ஊரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

திருக்கோவிலூர் போயிருந்த போதகருக்கு மறியலால் மறுநாளும் திரும்பிவர வழியில்லை. குழியருகே எல்லோரும் தேவநேசனைப் பார்த்தார்கள். அழகான முதல் வாக்கியம் நாக்கில் தயாராக நின்றது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"என்னால ஆவாது. மணி, நீ பண்ணும்மா."

"ஆண்டவரே, எங்கம்மாவ பாத்துக்கங்க," என்றாள் மணிமொழி. அவ்வளவுதான் அவளுக்கு வந்தது.

தேவநேசன் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். பின்னால் பூமாலையின் குரல் கேட்டது.

"எவ்ளோ பெரிய ஜெபவீரரு. இன்னா தாழ்மை பாரு."

தேவநேசனின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது, பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிகிற அளவுக்கு. நிமிர்ந்தபோது, குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணிமொழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.