இரண்டு விரல் இடைவெளி

தாழ்ச்சியே உயர்வு என்று எத்தனையோ ஞானிகள் உலகத்துக்குச் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக் கம்பெனி முதலாளிக்கு அது விளங்கியது அவருடைய சம்பந்தி புதுக் கார் வாங்கிய அன்றைக்குத்தான்.

அந்தக் கார் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. வந்த சனமெல்லாம் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. பக்கத்திலேயே முதலாளியின் கிராஸ்ஓவர். ரோட்டில் போகிறவன் தலை நமக்குக் கீழே தெரிய வேண்டும் என்று தேடி வாங்கிய உயரமான வண்டி. அன்றைக்கு அது, சாக்கடை தாண்டுவதற்குக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தவனைப் போல நின்றது. மறுநாள் காலையில் முதலாளி தன் வண்டியின் உயரத்தை இறக்கச் சொல்லிவிட்டார்.

வண்டி இப்போது ஒர்க்‌ஷாப்பில், சக்கரங்கள் கழற்றப்பட்டு, லிஃப்டின் மேல் தொங்கியது. அதை ஓட்டுகிறவர் கீழே காத்திருந்தார். ஸ்டூல் ஒன்று காலியாகத்தான் கிடந்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது தனி வேலை என்பதால் தூணில் சாய்ந்து நின்றார். யூனிஃபார்ம் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பெல்ட் கட்டியிருந்தார். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஆஸ்பத்திரியில் படம் பிடித்துக் காட்டியிருந்தார்கள். குலுங்கவே கூடாது என்றார்கள். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்கள். டிரைவர் என்று சொன்னதும், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இது முதலாளிக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கு வேறு ஆள் வண்டியை எடுப்பான். 'பஞ்சு' என்று அவருக்குப் பேர் வைத்ததே முதலாளிதான். கையில் காபி டம்ளரோடு ஏறலாம், ஒரு சொட்டு சிந்தாது என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பஞ்சு என்ற பேரே நிலைத்துவிட்டது. உண்மையில் பஞ்சு ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தது, கொஞ்ச காலமாகவே, காபிக்காக இல்லை.

ஒர்க்‌ஷாப்காரர் பஞ்சுவின் மனைவிக்கு அண்ணன். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டெதாஸ்கோப். இன்ஜின் சத்தம் கேட்பதற்கு என்று வாங்கியது, சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. ஊரே டாக்டர் என்று கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், ரொம்ப இறக்கிடாதீங்க."

"டயருக்கும் மேல வளைவுக்கும் நடுவுல ரெண்டு விரல் இருக்கணுமாம். போன்ல ஏலம் விடுற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்றாரு."

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"இப்பவா? பூனை குட்டி போட்டு வளக்கலாம்." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கேளு மாப்ள. இது மூணு பேரு ஒரே போர்வையில படுத்த கதை. பார்வைக்கு ஒருத்தன், ரோட்டைப் பிடிக்கிறதுக்கு ஒருத்தன், சொகுசுக்கு ஒருத்தன். ஒருத்தன் இழுத்துப் போத்துனா இன்னொருத்தன் காலு வெளிய வந்துடும்."

"வெளிய வர்றது என் முதுகு மச்சான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "தங்கச்சி போன் பண்ணா. வண்டியை இறக்கறேன்னு அவரைப் படுக்க வச்சுடாதேன்னு ஏசுறா. என்னமோ நான்தான் உன் முதலாளி மாதிரி." ஸ்டெதாஸ்கோப்பை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டு விரல்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"நிக்க வச்சா, படுக்க வச்சான்னு சொல்லலையே."

இரண்டு விரலையும் கொடிக்கம்பம்போல நட்டு வைத்துக் காட்டினார். பஞ்சு சிரித்தார். இடுப்பில் பிடித்துக்கொண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்படியே செய்தார்கள். பழைய ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பிடித்துக் கழற்றி, ஓரளவு குட்டையானவற்றைப் போட்டார் டாக்டர். அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, சக்கரங்களின் சாய்வையும் சரிசெய்தார். பஞ்சு ஓட்டிப் பார்க்கப் போனார். முன்பெல்லாம் வளைவில் ஒரு பக்கமாகத் தள்ளாடும் வண்டி, இப்போது நிமிர்ந்தபடியே திரும்பியது. ரயில் கேட்டில் தண்டவாளத்தைக் கடந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். திரும்பி வந்து, "நல்லாருக்கே மச்சான். முன்னைக்கு இதான் தேவலை" என்றார். அன்றைக்கு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் முதலாளி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, சக்கரத்துக்கு மேல் இரண்டு விரலைப் படுக்கவைத்து நுழைத்தார். கடிகாரம் வரைக்கும் உள்ளே போனது.

"என்ன டாக்டர் இது? என் கையே காணாமப் போகுது."

"நீங்க ரெண்டு விரல்னு..." என்று டாக்டர் தம்முடைய கொடிக்கம்பத்தைக் காட்டினார்.

"விரலை எவனாவது நட்டு வச்சு அளப்பானா? புடவைக் கடையில போய் முழத்தை நட்டு வச்சு அளப்பியா நீ?"

டாக்டர் கையை இறக்கிக்கொண்டார். முதலாளி பஞ்சுவின் பக்கம் திரும்பினார். "நீ ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் சார். பிரமாதமா இருக்கு. இதுக்கு மேல இறக்குனா கொஞ்சம் குலுங்கும் சார்."

"குலுங்குனா என்ன? நீ எதுக்கு இருக்கே? நீ பஞ்சு இல்ல?"

டாக்டர் வாயைத் திறந்தார். பஞ்சு அவரைப் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும் தலையை ஆட்டினார். கம்பெனியின் தொட்டி ஏற்றும் வண்டிகள் எல்லாம் பழுதுக்கு இந்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வருகின்றன. திறந்த வாயை மூட வேண்டுமே என்பதற்காக டாக்டர், "செஞ்சுடலாம் சார்" என்றார்.

மறுநாள் அதைவிடக் குட்டையான, முரட்டு ஸ்பிரிங்குகள் வந்தன. அவை முழுதாக அமுங்கும்போது தாங்குகிற ரப்பரையும் பாதியாக நறுக்க வேண்டியிருந்தது. டாக்டர் அந்த வேலையைப் பஞ்சுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தார். முதலாளி வந்து விரலை விட்டுப் பார்த்தார். மோதிரம் வரைக்கும் போய் இறுக்கிக்கொண்டது. பரம திருப்தி. மோதிரத்தை வெளியே எடுக்கக் கொஞ்சம் கிரீஸ் தேவைப்பட்டது.

வண்டி அழகாகத்தான் இருந்தது. சிக்னலில் பைக்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சுவும் முதல் நாள் கடைக் கண்ணாடியில் அதன் நிழலைப் பார்த்துவிட்டு, அதற்குள் இருப்பது தானா என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த பள்ளம் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. ரோட்டில் கிடந்த குச்சி, கல், சாக்கடை மூடியின் விளிம்பு எல்லாம் சீட்டின் வழியாக ஏறி இடுப்பில் குத்தி, தொடையில் இறங்கி, கட்டைவிரலில் போய் எரிந்தன. பிரேக்கை மிதிக்கிற கால் அது.

காலையில் மனைவி பெல்ட்டை இழுத்துக் கட்டினாள். முழங்காலை அவர் முதுகில் ஊன்றி, மூட்டை கட்டுகிற மாதிரி.

"மூச்சை இழுங்க."

"இழுத்துட்டேன். இனி விடவா வேண்டாமா?"

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அவர்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன? முதுகு சரியில்ல, ஆபீஸ்லயே ஏதாவது வேலை போட்டுக் குடுங்கன்னு."

"குடுப்பாரு. கேட்டுக்கு வெளியே நிக்கிற வேலை."

அவள் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். சின்ன மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. பீஸ் இனிமேல்தான் கட்ட வேண்டும்.

கம்பெனி வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. தொட்டி ஏற்றும் வண்டிகள் பறக்கக்கூடாது என்று முதலாளியே நின்று போடவைத்தது. இறக்கிய வண்டி அதன் மேல் ஏறியதும் வயிறு தட்டி, கரகரவென்று இழுத்தது. மறுநாள் பஞ்சு அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

"சார், கோச்சுக்காதீங்க. கொஞ்சம் இறங்கிட்டீங்கன்னா வெயிட்டு குறையும்."

முதலாளி இறங்கினார். ஷிஃப்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்த ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வேகத்தடையை முதலாளி நடந்து தாண்ட, வண்டி காலியாக, கோணலாக, ஒவ்வொரு சக்கரமாகத் தாண்டியது. அந்தப் பக்கம் போய் மறுபடியும் ஏறிக்கொண்டார். தினமும் இது நடந்தது. "பொண்ணு வீட்டு வாசல்ல மாப்பிள்ளை இறங்குற மாதிரி இறங்குறாருடா" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். உள்ளே போனதும் கதவை அடித்துச் சாத்தினார். வேகத்தடையை உடைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்பதால் அதை உடைக்கவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போகிற சந்தர்ப்பம் வந்தது. முதலாளி அதற்காகத்தான் காத்திருந்தார். சம்பந்தி வண்டியைப் பார்த்து, "அடேயப்பா, நம்மளுது மாதிரியே ஆயிடுச்சே" என்றார். முதலாளி முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பஞ்சு கண்ணாடியில் பார்த்தார். அந்த ஒரு பார்வையில், ரோட்டை வெட்டிச் சரியாக மூடாமல் விட்டிருந்த இடம் வந்துவிட்டது.

தடால் என்று ஒரு இடி. இடுப்பிலிருந்து மின்னல் மாதிரி ஒன்று காலுக்குப் பாய்ந்தது. கால் மரத்துப்போய், பிரேக்கில் நெம்புகோல்போல விழுந்தது. வண்டி குதித்து நின்றது. சம்பந்தி முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டு, சால்வையைச் சரிசெய்தபடி நிமிர்ந்தார். அவர் நல்ல மனிதர். யாரையும் குறை சொல்லத் தெரியாதவர்.

"என்ன சம்பந்தி, அந்தப் பஞ்சு இப்ப இல்லையா? வேற டிரைவரா?" என்று விசாரித்தார்.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியின் மேல் பழி போட்டால் அது தன் விரலில் வந்து நிற்கும். "ஆமா. மாத்தணும்" என்றார்.

பஞ்சு முன்னால் பார்த்தபடி ஓட்டினார். மரத்த காலைக் கையால் தூக்கி மிதியின் மேல் வைத்துக்கொண்டார். பின்சீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஓட்டுற கை போயிடுச்சுன்னு சொல்றாரு. வயசு ஆகுதுல்ல. வருத்தப்படாதீங்க, இந்த மாசம் முழுசாக் குடுக்கச் சொல்லிட்டாரு. யூனிஃபார்மை மட்டும் விட்டுட்டுப் போங்க. புதுசா வர்றவருக்கும் கிட்டத்தட்ட உங்க உடம்புதான்."

வண்டி கழுவும்போது போட்டுக்கொள்கிற பழைய சட்டையும் கால்சட்டையும் டிக்கியில் இருந்தன. எடுத்து வந்து அறையின் மூலையில் மாற்றினார். சட்டையைக் கழற்றியதும் மேனேஜர் பார்த்தார்.

"அந்த பெல்ட் கம்பெனியோடதா?"

"இல்ல சார். என்னோடதுதான்."

"எதுக்கு, தொப்பைக்கா?"

முதுகுக்கு என்று சொன்னால் அது நாளைக்கு வேறு எந்த முதலாளி காதுக்கு எட்டுமோ. "ஆமா சார், தொப்பைக்கு" என்றார் பஞ்சு. அவருக்குத் தொப்பையே இல்லை.

மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் கம்பெனி வாங்கிக் கொடுத்தது. பஞ்சுவிடம் வேறு நல்ல ஜோடு இல்லாததால் வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார். பஞ்சு அதைக் கழற்றக் குனிந்து பார்த்தார். பாதி வரைக்கும்தான் குனிய முடிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். நெற்றி வியர்த்தது. கடைசியில் வாட்ச்மேன் வந்து தரையில் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கழற்றினார்.

"வெறுங்காலோட எப்படிப் போவீங்க? வெயில் வேற" என்று மேனேஜரே பரிதாபப்பட்டு, உள்ளே கிடந்த ரப்பர் செருப்பை எடுத்துத் தரச் சொன்னார். நாளைக்கு யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். பஞ்சு கும்பிட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வேகத்தடையைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனார்.

அந்தச் செருப்பு இரண்டிலும், யாரும் எடுத்துப் போகாமலிருக்க, வெள்ளைப் பெயிண்டில் 'கக்கூஸ்' என்று எழுதியிருந்தது.